இரட்டைக் கிளி மார்க்

செப்டம்பர் 14, வியாழன்

மாப்பிள்ளை பிரசன்னா பெங்களூருக்குக் கிளம்பிப் போனார். சந்தோஷம். மூன்று நாளாக எங்கள் கோவில்பட்டி வெயிலைத் திட்டினார், தண்ணீரைத் திட்டினார், நேற்று மாலை என் ஆல்பங்களுக்கு வந்தார்.

தீப்பெட்டிப் படங்கள் மொத்தம் மூவாயிரத்து இருநூற்று எண்பது. பத்து வயதிலிருந்து சேர்த்தவை. மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் கணக்கு எழுதிய காலத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் சாத்தூர், சிவகாசி என்று பழைய பேப்பர்க் கடைகளில் தூசியைத் தின்று சேர்த்தவை. அவர் நான்கு பக்கம் புரட்டினார். போன் வந்தது. பேசிக்கொண்டே இன்னும் எட்டுப் பக்கம் புரட்டினார். பிறகு ஆல்பத்தை மூடி, அதன் மேலேயே காபி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதுக்கெல்லாம் ஏதாவது வேல்யூ இருக்கா மாமா?"

"தெரியல."

"அப்போ எதுக்கு ஒரு பீரோ ஃபுல்லா?"

என் மகள் சிரித்தாள். அவள் அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவருக்காக நான் வாங்கி வந்த கடலைமிட்டாயை மென்றுகொண்டே மூன்று பேரும் சிரித்தார்கள்.

செப்டம்பர் 16, சனி

டம்ளர் வட்டம் துடைத்தாலும் போகவில்லை. அட்டை மாற்ற வேண்டும்.

பழைய தீப்பெட்டிப் படங்களை வாங்கி விற்கும் சென்னை வியாபாரி ஒருவரின் எண் ரொம்ப நாளாக என்னிடம் இருந்தது. பெயர் ஜெயவர்த்தனன். பதினைந்து படங்களைப் போனில் எடுத்து அனுப்பினேன். விற்பதற்கு அல்ல. ஒரு விலை தெரிந்தால் சில வாய்கள் மூடும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 19, செவ்வாய்

வியாபாரி பேசினார். பதினான்கு படங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சார், அந்தக் கிளி. இடது பக்கம் பாக்குற கிளி. அதுக்கு ஜோடி ஒண்ணு இருக்கணுமே, வலது பக்கம் பாக்குறது?"

இருக்கிறது என்றேன். அதாவது, இருக்கிற இடம் எனக்குத் தெரியும்.

"ஜோடியா, பசை படாம, கறை இல்லாம இருந்தா ஒன்றரை லட்சம் தருவேன் சார். ஒத்தையா இருந்தா நாலாயிரம். அக்டோபர் இருபத்தாறாம் தேதி மதுரை வரேன். அப்படியே உங்க ஊருக்கும் வந்துடறேன்."

ஒன்றரை லட்சம். போனை வைத்துவிட்டு இரண்டு முறை முகம் கழுவினேன். மனைவி செண்பகவல்லியிடம் சொல்லவில்லை. பிரசன்னா முன்னால் நோட்டுக்கட்டை வைத்த பிறகு எல்லோருக்கும் சேர்த்துத் தெரியட்டும்.

வலது கிளி இன்னாசிமுத்துவிடம் இருக்கிறது. சனியன்.

செப்டம்பர் 20, புதன்

இன்னாசியைப் பற்றி இந்த டைரியில் எட்டு வருடமாக எழுதவில்லை. எழுத அவன் தகுதியானவனும் அல்ல. ஆனாலும் காரியம் என்று வந்துவிட்டது.

மூடிப்போன ஒரு தீப்பெட்டி ஆபீஸின் குப்பையில் அந்த இரண்டு கிளிகளும் கிடைத்தபோது எங்களுக்குப் பதின்மூன்று வயது. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம். அன்பினால் அல்ல. இரண்டையும் அவன் கையில் கொடுக்க எனக்கு நம்பிக்கை இல்லை, அவனுக்கும் என்மேல் இல்லை. பிறகு நாற்பது வருடம் பழைய பேப்பர்க் கடைகளுக்குச் சேர்ந்தே அலைந்தோம். எட்டு வருடத்துக்கு முன்னால், இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கிய 'குடைராட்டினம்' படத்தை அந்த முட்டாள் மைதாப் பசை தடவித் தன் பஞ்சர் கடைச் சுவரில் ஒட்டிவிட்டான். ஏற்கெனவே நானூறு படங்களை ஒட்டி வைத்திருந்த சுவர்தான். ஆனால் இது பாதி என்னுடையது. கேட்டதற்கு, "பீரோவுக்குள்ள கெடந்து என்னடே செய்யப் போவுது, நாலு பேரு பாக்கட்டும்" என்றான். அன்றோடு சரி.

அன்றிலிருந்து, அவன் கடை இருக்கும் நேர்வழியை விட்டு, மார்க்கெட்டுக்குச் சுற்றுவழியாகத்தான் போகிறேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

மொபெட்டை நேர்வழியில் விட்டேன். அவன் ஒரு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். மீசை முழுக்க வெள்ளை.

"வாடே ஆவுடை. எட்டு வருசமா காத்தடிக்காமலா வண்டி ஓடிச்சு?"

வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெஞ்சில் கிடந்த டியூபைத் தள்ளிவிட்டு உட்காரச் சொன்னான். எதிர்க்கடையில் டீ சொன்னான். எனக்குச் சர்க்கரை கம்மி என்று அவனே சொன்னான். இப்போது அறவே கிடையாது, டாக்டர் தடை. ஆனால் குடித்தேன். காரியம் ஆக வேண்டுமே.

கிளியைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். "அதுவா, சுவத்துல ஒட்டல. ஒத்தக் கிளிய ஒட்ட மனசு வரல" என்றான். தகரப்பெட்டியிலிருந்து ஒரு பழைய ஜெபப் புத்தகத்தை எடுத்து, அதன் நடுப்பக்கத்தைத் திறந்து காட்டினான். பசை இல்லை. கறை இல்லை. பச்சை அப்படியே இருக்கிறது.

முதல் வேலை முடிந்தது.

செப்டம்பர் 25, திங்கள்

போனேன். ஒரேயடியாகக் கேட்டால் சந்தேகப்படுவான். பழக விட வேண்டும்.

செப்டம்பர் 27, புதன்

ரேஷன் கடை. பருப்பு இல்லை, பாமாயில் மட்டும். திரும்பும் வழியில் இன்னாசி கடையில் பத்து நிமிடம்.

அவன் சுவரைச் சும்மா சொல்லக் கூடாது, மகா அலங்கோலம். எந்த வரிசையும் இல்லை. ரயில் என்ஜினுக்குப் பக்கத்தில் மாம்பழம், மாம்பழத்துக்குக் கீழே தவில். பஞ்சர் ஒட்ட வந்தவன் எவனோ பென்சிலால் ஒரு யானைக்கு மீசை வரைந்திருக்கிறான். "நல்லாத்தான இருக்கு" என்கிறான் இந்த ஆள். பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மாள் தன் பிள்ளைக்கு ஒவ்வொரு படமாகக் காட்டிச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சாம்பார் கையோடு.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. பாமாயிலை வாங்கிக்கொண்டு செண்பகவல்லி கேட்டாள்: "பத்து மணிக்குப் போனிய. ரேசன் கடைய எட்டயபுரத்துக்கா மாத்திட்டாக?"

அக்டோபர் 3, செவ்வாய்

இன்று அவன் ஒரு படத்தை உள்ளங்கையால் மூடி ஒரு மூலையை மட்டும் காட்டினான். சின்ன வயதில் ஆடிய ஆட்டம். மூலையைப் பார்த்து மார்க்கைச் சொல்ல வேண்டும்.

"குதிரைலாடம்" என்றேன்.

"எத்தன ஆணி?"

"ஏழு. ஒரு ஆணி அச்சுல விட்டுப்போச்சு."

"கெட்டிக்காரன்டே நீ. உள்ள வச்சுப் பூட்டினாலும் மறக்கல பாரு."

அவன் ஒன்பது, நான் பதினொன்று. அவனை விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைத்திருந்தால் காரியத்துக்கு உதவியிருக்கும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அவனுக்கு ஒரு பத்தாயிரம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அவன் கிளிக்கு அதுவே அதிகம்.

அக்டோபர் 4, புதன்

மகள் போன் செய்தாள். பிரசன்னாவின் அலுவலகத்தில் யாரோ பழைய நாணயம் விற்று நிறையச் சம்பாதித்தாராம், அப்பாவிடம் நாணயம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாராம். இல்லை, குப்பைதான் இருக்கிறது என்று சொல்லு என்றேன். "ஏம்ப்பா இப்படிப் பேசுதிய" என்றாள். வேறு எப்படிப் பேச வேண்டுமாம்.

அக்டோபர் 10, செவ்வாய்

மழை. போகவில்லை. ஆல்பங்களை எடுத்து வைத்து உட்கார்ந்தேன், பத்து நிமிடத்தில் மூடிவிட்டேன். படத்தை மூடி மூலையைக் காட்ட ஆள் இல்லை. செண்பகவல்லியிடம் ஒன்றைக் காட்டினேன். "ஏதோ பூ" என்றாள். அது மயில்.

அக்டோபர் 13, வெள்ளி

வியாபாரி நினைவூட்டினார். இரண்டு கிளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ வேண்டுமாம். சேர்த்தே வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்னாசியிடம் விலையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால், "விக்கவா கேக்குத?" என்பான். பிறகு பேச்சு வளரும். பணம் கையில் வந்த பிறகு பாதியைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தால் எந்த ஆளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். பாதி என்பது தாராளம் அல்ல. இரண்டு கிளியில் ஒன்று அவனுடையது. கணக்கு எழுதியவனுக்கு இது தெரியாதா.

அக்டோபர் 21, சனி

என் கிளியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பைக்குள் அட்டை வைத்து, எடுத்துக்கொண்டு போனேன். போட்டோ எடுக்கத்தான் போனேன்.

இன்னாசி கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினான். நகத்துக்குள் கிரீஸ் போகவில்லை என்று ஒரு பிரஷ் வேறு. மேஜையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். நாற்பத்தெட்டு வருடத்தில் ஒரு முறைகூட நாங்கள் இதைச் செய்யவில்லை. என் கிளியின் கீழே இடது ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு உண்டு. அச்சுப் பிசகு என்றுதான் ஆல்பத்தில் குறித்து வைத்திருக்கிறேன். பிசகு இல்லை. அது ஒரு கிளை. என் படத்தில் தொடங்கி அவன் படத்தில் போய் முடிகிறது. கிளைக்கு நடுவில் ஒரு கொய்யாப் பழம், பாதி இதில், பாதி அதில். இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு கழுத்தை மட்டும் திருப்பி அந்தப் பழத்தைப் பார்க்கின்றன.

"பழத்துக்குச் சண்டைடே" என்றான் இன்னாசி. "நம்மளப் பாத்துத்தான் வரஞ்சிருக்கான்." அப்புறம் அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும்.

எழுதத்தான் வேண்டும்: சந்தோஷமாக இருந்தேன். வேலை கிடைத்த அன்றுகூட இப்படி இருந்ததாக ஞாபகம் இல்லை.

கிளம்பும்போது அவன் கேட்டான். "திங்கக்கெழம ஆயுத பூச. அது வர ரெண்டும் சேந்து இங்கயே இருக்கட்டும்டே. பூசைக்கு வந்து எடுத்துக்கோ. வேணும்னா எங்கிளியையும் சேத்தே கொண்டு போ. ஒன்னோட ஆல்பத்துல ஒண்ணா இருக்கட்டும். எனக்கு எங்க பத்திரம் பண்ணத் தெரியுது."

கேட்காமலே கொடுத்துவிட்டான். காரியம் முடிந்தது. இரண்டு நாள்தானே என்று என் கிளியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இந்த நேரத்தில் அவன் மனம் கோணாமல் நடப்பதுதான் புத்திசாலித்தனம்.

"பீரோவ நான் தொட்டாலே குதிப்பிய," என்றாள் செண்பகவல்லி, "அங்க விட்டுட்டா வந்திருக்கிய?"

போட்டோ எடுக்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூஜை

எழுதிவிட்டால் ஆத்திரம் அடங்கும் என்று எழுதுகிறேன்.

ஐந்து மணிக்குப் போனேன். கடை வாசலில் வாழைக்கன்று, மாவிலை. இன்னாசி சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், மாதா படத்துக்கும் மாலை போட்டிருந்தான், ஏர் பம்புக்கும் மாலை போட்டிருந்தான். இரும்புக்குச் சாமி பேதம் கிடையாது என்பது அவன் கட்சி. ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி, கல்லாப்பெட்டி எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். பக்கத்துக் கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கையில் பொரிகடலையோடு நின்றார்கள்.

நடு மேஜையில், மாதா படத்துக்கு முன்னால், இரண்டு கிளிகளும் இருந்தன. உறையை எடுத்துவிட்டிருந்தான். இரண்டின் நெற்றியிலும் பொட்டு.

சந்தனத்தைப் பன்னீரில் குழைத்திருக்கிறான். ஈரம் இறங்கி, குங்குமம் அதன் வழியே ஓடி, என் கிளியின் இறக்கை முழுவதும் சிவப்பு. அவனுடையது கழுத்து வரை.

"வந்துட்டியா," என்றான். "பாருடே. கடையில உள்ள அத்தனைக்கும் பொட்டு வச்சேன், இதுகளுக்கு வைக்காம விட மனசு கேக்கல. நாப்பத்தெட்டு வருசம் கழிச்சு இப்பத்தான சேந்திருக்கு."

என்ன சத்தம் போட்டேன் என்று முழுவதும் ஞாபகம் இல்லை. முட்டாள் என்றேன், கிறுக்கன் என்றேன். குடைராட்டினத்தையும் இழுத்தேன். "ஒன்றர லட்சம்லா அது, ஒன்றர லட்சத்துல பொட்ட வச்சிட்டு நிக்கியே" என்றது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அதற்குப் பிறகு ஒருவரும் பொரி மெல்லவில்லை.

"யாரு தாரா ஒன்றர லட்சம்?" இன்னாசி மெதுவாகக் கேட்டான்.

"சென்னையிலருந்து வாரான். வியாழக்கெழம."

"எப்ப பேசின?"

அவன் விரல் விட்டு எண்ணினான், நிஜமாகவே விரல் விட்டு. "செப்டம்பர்லயா?" என்றான். "அதுக்குத்தான் வந்தியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். முதல் நாள் அதற்குத்தான் வந்தேன், பிறகு அதற்கு வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். பாதி உனக்கு என்று எழுதி வைத்திருக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கிளி சிவப்பாகக் கிடந்தது.

"பின்ன, ஒங்கடை டீக்கா வந்தேன்னு நெனச்ச?" என்றேன்.

அவன் பஞ்சால் இரண்டு படங்களையும் ஒற்றி எடுத்தான். ஒற்ற ஒற்ற இன்னும் பரவியது. இரண்டையும் ஒரே உறையில் போட்டான். எல்லோருக்கும் கொடுத்த மாதிரி ஒரு பொட்டலம் பொரியும் சேர்த்து என் கையில் கொடுத்தான்.

அக்டோபர் 24, செவ்வாய்

செண்பகவல்லிக்கு மார்க்கெட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மதியம் சாப்பாடு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "ஒரு மாசமா நீங்க யாரையும் ஏசல. கவனிச்சியளா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்டோபர் 26, வியாழன்

ஜெயவர்த்தனன் வந்தார். சின்னப் பையன்தான், முப்பது இருக்கும். லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன சார் இது, குங்குமமா? யார் சார் இப்படிப் பண்ணது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு."

"படிச்சவங்க நீங்க." லென்ஸைப் பையில் போட்டார். "ரெண்டும் சேத்து ரெண்டாயிரம் தரேன் சார். சும்மா ரெஃபரன்ஸுக்கு."

விற்பனைக்கு இல்லை என்றேன். ஆல்பங்களையாவது பார்க்கலாமா என்றார். நான்கு பக்கம் பார்த்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை சொல்லிக்கொண்டே வந்தார். மயிலுக்கு எண்ணூறு, குதிரைலாடத்துக்கு அறுநூறு. குதிரைலாடத்தில் எத்தனை ஆணி என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. காபி கொடுக்காமல் அனுப்பினேன்.

பிரசன்னா கேட்ட வேல்யூ இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். போன் செய்து சொல்லத் தோன்றவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

மார்க்கெட். சுற்றுவழி.

நவம்பர் 2, வியாழன்

சுற்றுவழி. முருங்கைக்காய் ஒன்று பதினைந்து ரூபாய். கொள்ளை.

நவம்பர் 7, செவ்வாய்

காலையில் மொபெட்டின் பின் டயரில் காற்று இல்லை. ஆணி ஏறியிருக்கும். உருட்டிக்கொண்டு நேர்வழியில் போனேன். பக்கத்துத் தெருவிலேயே பஞ்சர் கடை இருக்கிறதே என்றாள் இவள். அவன் சரியாக ஒட்ட மாட்டான் என்றேன்.

கிளிகள் சட்டைப் பையில் இருந்தன. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். விலைக்காக வந்தது முதல் நாள் மட்டும்தான், அன்றைக்கு ஆத்திரத்தில் சொன்னது பொய், இரண்டு கிளியும் உன்னிடமே இருக்கட்டும், சுவரில் ஒட்டு. இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு மனிதனுக்கு இரண்டு நிமிடம் போதும்.

இன்னாசி ஒரு பைக்கின் செயினை மாட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான்.

"என்ன சார், பஞ்சரா?"

இந்த ஊரில் எல்லோரும் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் மட்டும் கூப்பிட்டதில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததில் பாதி அங்கேயே போய்விட்டது.

டியூபைக் கழற்றிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. மறுபடியும் ஒரு சுற்று பார்த்தான். பிறகு வால்வைப் பார்த்தான்.

"ஓட்டை இல்ல சார். யாரோ வால்வத் தொறந்து காத்த எறக்கி விட்டுருக்காவ."

தெருப் பிள்ளைகளாக இருக்கும் என்றேன். இருக்கும் சார் என்றான்.

மாட்டி முடித்தான். இருபது ரூபாய் என்றான். கொடுத்தேன். உறையையும் எடுத்து நீட்டினேன். "ரெண்டும் இங்கயே இருக்கட்டும் இன்னாசி. ஒங்கிட்ட இருந்தாத்தான் நல்லாருக்கும்."

அவன் உறையைப் பார்த்தான். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான், வாங்கப் போகிறான் என்றே நினைத்தேன்.

"வெல போற சாமான் சார்," என்றான். "கடையில நாலு பேரு வந்து போற எடம். நீங்களே பத்திரமா வச்சுக்கோங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

"கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கிடுங்க சார். வண்டி நிக்கி."

தள்ளி நிறுத்தினேன்.